லார் சின்னட்டின் முழங்கால்

லார் சின்னட் கூலிக்கு ஏர் ஓட்டுகிறவன். அயர்லாந்தில், வெக்ஸ்ஃபோர்டின் களிமண்ணில் குதிரைகளுக்குப் பின்னால் நடந்து நடந்து உரமேறிய உடம்பு. கையாலும் பந்தைப் பிடித்து ஆடும் கேலிக் கால்பந்தில் ஊருக்கு ஊர் மோதும் கோப்பைப் போட்டி தொடங்கி அப்போது இரண்டாவது வருஷம்தான். தோற்ற ஊர் அத்தோடு வெளியே. பக்கத்துக்கு இருபத்தொரு பேர் இறங்குவார்கள். பந்தைவிட ஆள்மேல்தான் குறி.

முதல் சுற்றில், மாடுகளை விரட்டிவிட்டுப் பிடித்த ஒரு மேய்ச்சல் நிலத்தில், பக்கத்து ஊர் மோக் ஃபர்லாங்கும் அவனும் ஒரே பந்துக்குப் பாய்ந்தார்கள். லாரின் முழங்கால் மோக்கின் அடிவயிற்றில் இறங்கியது. மோக் சுருண்டு விழுந்து, எழுந்து, சிரித்தபடி கைகொடுத்தான்.

"உன்னைக் கட்டிப்போட லாயம்தான்டா சரி!"

லாரின் ஊர் ஒரு புள்ளியில் ஜெயித்தது. மோக் நடந்தே வீட்டுக்குப் போனான். செவ்வாய்க்கிழமை செத்துப்போனான்.

விசாரணைக்கு வந்தவர்கள் விபத்து என்றார்கள். யாரும் லாரைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலாவது பேசியிருப்பான்.

துக்க வீட்டுக்குள் அவன் நுழைந்தான். துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் சுற்றிவந்த புகையிலைத் தட்டை யாரும் அவன் பக்கம் நீட்டவில்லை. மோக்கின் மனைவி ஸ்டேஷா தலை நிமிர்ந்தாள்.

"கை கொடுத்தாரா உனக்கு?"

"கொடுத்தாருங்க."

"சிரிச்சாரா?"

"சிரிச்சாருங்க."

"அப்ப உட்காரு."

அந்த வசந்தத்தில், கூலிவேலை முடிந்த மாலைகளில் லார் அவள் நிலத்துக்குப் போனான். உருளைக்கிழங்குக்குப் பாத்தி வெட்டினான், மண் அணைத்தான். அவள் தடுக்கவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவுமில்லை.

அடுத்த சுற்று வந்தபோது அணித்தலைவன் நிக் கீயோ வீடு தேடி வந்தான். "நீ வரலேன்னா நாங்க தொலைஞ்சோம். செத்தவன் திரும்பி வரப்போறானாடா?"

லார் போனான். கடைசி நேரத்தில் பந்து உயரத்திலிருந்து இறங்கியது. எதிரே ஒரு மெலிந்த ஆள் ஓடிவந்தான். லாரின் கால் நின்றுவிட்டது. அந்த ஆள் பந்தைப் பிடித்துக் கோல் போட்டான்; லாரின் ஊர் தோற்றது.

"சின்னட்டு, பாவாடை கட்டிக்கிட்டு வாடா!" என்று சொந்த ஊர்க்காரர்களே கத்தினார்கள்.

மறுநாள் மண்வெட்டியோடு போனவனை ஸ்டேஷா வேலியிலேயே நிறுத்தினாள்.

"ஒதுங்கிட்டியாமே?"

"கால் வரலீங்க."

"எங்க வீட்டுக்காரர் வயித்துக்கு மட்டும் வந்துதே." அவள் குரல் உயரவில்லை. "இனி வராதே. நீ குனிஞ்சு வெட்டும்போது அப்பா வந்துட்டாருன்னு எங்க சின்னப்புள்ள ஓடுது."

அவன் திரும்பி நடந்தான். அதன்பின் பந்தைத் தொடவில்லை, கலியாணமும் கட்டவில்லை. பல வருஷம் கழித்து ஊர் கோப்பையை ஜெயித்தபோது, பாட்டும் கூச்சலுமாக ஊர்வலம் அவன் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டது. கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.