ஜெரோமை டிராஃப்டுக்கு அனுப்பலாமா என்று நாங்கள் சண்டை போட்ட ஞாயிறு

ரோல்ஸ் பொரிகிற எண்ணெய் வாசமும் ஈர ஜாக்கெட்டுகளின் வாடையும் செல்வி அன்ரியின் ஹால் முழுக்க நின்றன... ஜெர்மனியில், எசன் நகரில் ஜனவரி மழை. அந்த வாசம் எங்காவது வந்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் ஒரு ஞாயிறுதான் நினைவுக்கு வரும், பிறகுதான் பசிக்கும்.

நண்பர்களே, உங்களில் பாதிப் பேருக்கு ஃபுட்போல் என்றால் காலால் உதைப்பது. எங்கள் வீட்டில் அது அமெரிக்கன் ஃபுட்போல். என் அண்ணா ரொஷான் இங்கே ஒரு சின்னக் கிளப்பில் விளையாடியவர். பஸ் ஓட்டுகிற அன்ரன் அண்ணை விளையாடியதே இல்லை, ஆனால் அமெரிக்கக் கல்லூரிப் போட்டி ஒன்றையும் விடமாட்டார். தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்ததும் இருவரும் யாராவது வீட்டு டிவியைப் பிடித்துக்கொள்வார்கள்.

வருடா வருடம் அமெரிக்காவின் பெரிய கிளப்புகள் கல்லூரிப் பையன்களில் தங்களுக்கு வேண்டியவர்களை முறை வைத்துத் தெரிவு செய்யும். அதுதான் டிராஃப்ட். யார் தெரிவாவான் என்று இவர்கள் போடுகிற சண்டை இருக்கிறதே... உயரம், எடை, கை நீளம், ஓட்டம். எங்கள் சனம் மாப்பிள்ளையைக்கூட இப்படி அளந்து நான் பார்த்ததில்லை.

"சும்மா கதையாதை. அவனுக்குக் கை கட்டை."

"காலைப் பாருங்கோ அண்ணை, காலை!"

நானும் சளைத்தவள் இல்லை. அப்போது பிசியோதெரபியில் ஆஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்துகொண்டிருந்தேன். யார் பெற்ற பிள்ளை என்றே தெரியாதவனின் முழங்காலுக்குத் தீர்ப்புச் சொல்வதில் அவ்வளவு சந்தோசம்.

அந்த ஞாயிறு மட்டும் பெற்றவரைத் தெரியும். ஜெரோம், செல்வி அன்ரியின் ஒரே மகன். அண்ணாவின் கிளப்பில் தொடங்கி, ஸ்கொலர்ஷிப்பில் அமெரிக்கக் கல்லூரிக்குப் போனவன். பந்தை எறிபவனை எறிய விடாமல் பாய்ந்து விழுத்துவது அவன் வேலை. பாஸ் ரஷர் என்பார்கள். அந்த வருடமே டிராஃப்டுக்குப் பெயர் கொடுக்கலாம், இல்லையென்றால் இன்னொரு வருடம் கல்லூரியில் இருக்கலாம். பெயர் கொடுத்தால் கல்லூரி அணியில் இடம் போய்விடும். மறுநாள் கடைசி நாள். நான்கு மணிக்கு அம்மாவோடு கதைத்துவிட்டு முடிவெடுப்பதாகச் சொல்லியிருந்தான்.

அன்ரிக்கு அந்த விளையாட்டில் ஒன்றும் தெரியாது. அதனால் எங்களைக் கூப்பிட்டிருந்தார்.

"நீங்கள்தானே எந்த நேரமும் உந்த விளையாட்டைப் பாக்கிறனீங்கள். சொல்லுங்கோ, நான் அவனுக்கு என்னத்தைச் சொல்ல?"

ரோல்ஸ் தட்டை மேசையில் வைத்துவிட்டு, ஃபோனை மடியில் வைத்தபடி எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார்.

அண்ணாதான் தொடங்கினார். "யோசியாதேங்கோ அன்ரி. போகச் சொல்லுங்கோ. இந்த வருசம் அவனை விட்டா ஆள் இல்லை."

"ஏலாது ரொஷான்," என்றார் அன்ரன் அண்ணை. "அவன் வெளிப்பக்கத்தாலை மட்டும்தான் ஓடுறான். உள்ளுக்கை வெட்டிப் போகத் தெரியாது. இன்னொரு வருசம் இருக்கட்டும்."

"அந்த வருசத்திலை முழங்கால் போனா? நீங்களோ பொறுப்பு?"

"இப்ப போய் ஒருத்தரும் எடுக்காட்டி நீயோ பொறுப்பு?"

வழக்கமான சண்டைதான். ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் அன்ரியின் முகம் மாறிக்கொண்டிருந்தது. அன்ரன் அண்ணை ஏதோ கையைப் பற்றித் தொடங்கி, பாதியில் தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

அண்ணா ஜெரோமின் கடைசிப் போட்டி வீடியோவை டிவியில் போட்டார். ஜெரோம் பாய்ந்தான், ஆளை விழுத்தினான், எழும்பி வழக்கம்போல் நெற்றி, நெஞ்சு, தோள் தொட்டுச் சிலுவை போட்டான்.

"பாருங்கோ அன்ரி, எப்பிடித் தலை குனிஞ்சு போடுறான். இவ்வளவு சனத்துக்கு முன்னாலையும் அந்தப் பணிவு."

அன்ரிக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்கு ஏதோ இடித்தது. ரிமோட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பிறகு செப்டம்பர் போட்டி ஒன்றைப் போட்டேன். அதில் தலை நிமிர்ந்திருந்தது, வலது கை நெற்றி வரைக்கும் போனது. இப்போது கை நெஞ்சுக்கு மேல் எழும்பவில்லை... தலைதான் கையைத் தேடி இறங்கி வந்தது.

எப்படிச் சொல்வது? நல்ல காரியம் பேசுகிற நேரத்தில் பிள்ளையின் உடம்பில் குறை இருக்கென்று எங்கள் ஆட்கள் வாய் திறக்கமாட்டார்கள். தெரிந்தாலும் தெரியாதமாதிரி இருந்துவிடுவார்கள். ஆனால் டிராஃப்டுக்கு முன்னால் கிளப்புகளின் டாக்டர்கள் எலும்பு எலும்பாகப் பார்ப்பார்கள். அங்கே பிடிபட்டால் எடுக்கவும் மாட்டார்கள், கல்லூரி இடமும் போயிருக்கும். நான்கு மணியாகப் போகிறது.

"அன்ரி... அவனுக்குத் தோளிலை ஏதோ பிழை. கையைத் தூக்க ஏலாமல் இருக்கு."

அண்ணா பார்வையாலேயே என்னை எரித்தார். "உனக்கென்ன விசரே?" அன்ரன் அண்ணை வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். பிறகு ரிமோட்டைக் கீழே வைத்தார்.

ஃபோன் அடித்தது. வீடியோ கோல். அன்ரி சுகம் கேட்கவில்லை, சாப்பிட்டியோ என்றும் கேட்கவில்லை.

"ஜெரோம், வலது கையை மேலை தூக்கு பாப்பம்."

"என்னம்மா இது..."

"தூக்கடா."

அவன் தூக்கவில்லை. திரையில் தெரிந்த அந்த முகம் இன்னும் எனக்குள் இருக்கிறது. பிறகு மெல்லக் கேட்டான். "ஆர் சொன்னது?"

அந்த வருடம் அவன் பெயர் கொடுக்கவில்லை. அங்கேயே ஒபரேசன் செய்தார்கள். அடுத்த வருடம் பாதிப் போட்டிகளில்தான் விளையாடினான், பழைய வேகம் வரவில்லை. டிராஃப்டில் அவனை ஒருவரும் கூப்பிடவில்லை. படிப்பை முடித்துக்கொண்டு எசனுக்கே வந்துவிட்டான்.

இப்போதெல்லாம் ஆளுக்கொரு ஃபோனில் பார்க்கிறோம். சண்டையும் குறூப்பில்தான், அதுவும் இரண்டு வரி. ஒரே ஹாலில் இருந்து தொண்டை கட்டக் கத்திய அந்த ஞாயிறுகள் எனக்கு வேண்டும்போல் இருக்கும்... அந்த ஒரு ஞாயிறு மட்டும் வேண்டாம்.

போன நத்தார் பண்டிகைக்கு அன்ரி வீட்டில் எல்லோரும் கூடினோம். ஒவ்வொரு வருடமும் என்னைத் தனியாகப் பிடித்துக் கேட்பதை, இந்த முறை ஜெரோமுக்கு முன்னாலேயே கேட்டுவிட்டார்.

"பிள்ளை, அண்டைக்கு நீ சொல்லாமல் விட்டிருந்தா இவன் இப்ப அங்கை விளையாடிக்கொண்டு இருந்திருப்பான், என்ன?"

தெரியாது அன்ரி என்றுதான் எப்போதும் சொல்வேன். உண்மையிலேயே தெரியாது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். ஜெரோம் முந்திக்கொண்டான்.

"ஓம் அம்மா, இருந்திருப்பன். ஒரு கையோடை."

அண்ணாவும் அன்ரன் அண்ணையும் வெடித்துச் சிரித்தார்கள். அன்ரி சிரிக்கவில்லை.

டிவியில் யாரோ ஒரு பையன் பாய்ந்து ஆளை விழுத்தினான். முன்பென்றால் ஹாலே அதிர்ந்திருக்கும். இந்த முறை அவன் எழும்பி இரண்டு கையையும் மேலே தூக்கும் வரைக்கும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.