பானெட்டின் இடது பாதி

அமிர்தராஜ் கையால் பாலிஷ் போட்ட கார் ஒன்று பாலக்கரையில் நின்றதாம். அதன் கதவில் தன்னைப் பார்த்த மைனா ஒன்று, எவனோ பங்காளி வந்துவிட்டான் என்று பொழுது சாயும்வரை கொத்திச் சண்டை போட்டதாம். கடைசியில் அதன் பெண்டாட்டி வந்துதான் கூட்டிப் போனது. பொய் என்பவர்கள் அந்த மைனாவையே கேட்டுக்கொள்ளட்டும்.

கறுப்புக் காரை வெயிலில் நிறுத்தினால், பெயின்ட் மேல் சிலந்தி வலை விரித்தாற்போல் மெல்லிய வட்டக் கீறல்கள் தெரியும். தூசியோடு காய்ந்த துணியால் துடைத்துத் துடைத்து வருவது அது. மெஷின் வைக்காமல், பஞ்சும் துணியும் கொண்டு அந்த வலையை அழித்தெடுப்பதுதான் அமிர்தராஜின் பிழைப்பு. சந்தனம் அரைப்பது போல வட்டமாகத்தான் தேய்ப்பார். ஊரில் அவருக்கு இணை கிடையாது. தாஹா வரும்வரை.

தாஹா ஷார்ஜாவில் இதே வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். அமிர்தராஜின் தகரக் கொட்டகையிலேயே பாதி வாடகைக்கு இடம் பிடித்தான். அவன் கை வட்டம் போடாது. மேலும் கீழுமாக நேர்கோட்டில்தான் போகும். வந்த மூன்றாம் மாதமே ஆட்கள் அமிர்தராஜைத் தாண்டிப் போய், "தாஹா பாய் இருக்காரா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். டீக்கடைக்காரர்கூட அவன் கிளாஸில்தான் நுரை அதிகம் வர ஆற்றுகிறார் என்று அமிர்தராஜுக்குப் பட்டது.

"நுரையை அளந்துகிட்டா இருக்கீங்க அங்க?" என்றாள் மனைவி பாக்கியமேரி. "வயித்துல எரியிற அடுப்புல ஒரு உலை வைக்கலாம் போல. கேஸாவது மிச்சமாகும்."

அந்த நேரத்தில்தான் ஸ்ரீரங்கத்து சடகோபன் தம் பழைய கறுப்பு அம்பாசிடரோடு வந்தார். பேரனுக்குக் கல்யாணம். ஜானவாச ஊர்வலத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்து வரப்போகும் வண்டி அது. அதை மினுக்குபவன் பெயர் உத்திர வீதி முழுக்கப் பேசப்படும்; அப்புறம் ஸ்ரீரங்கத்துக் கார்களெல்லாம் அவனைத் தேடித்தான் வரும்.

சடகோபன் சாமர்த்தியக்காரர். பானெட் நடுவே ஒரு டேப்பை ஒட்டச் சொன்னார். "ஆளுக்குப் பாதி போட்டுக் காட்டுங்கோ. சாயங்காலம் வரேன். எது நன்னா இருக்கோ அவாளுக்கே முழு வண்டியும்."

வலது பாதி அமிர்தராஜுக்கு, இடது பாதி தாஹாவுக்கு. அன்று வெள்ளிக்கிழமை. தாஹா முதலில் முடித்துவிட்டுக் கையைக் கழுவினான்.

"ஜும்மாவுக்குப் போயிட்டு வந்துடறேண்ணே. வண்டியைக் கொஞ்சம் பாத்துக்குங்க."

பார்த்துக்கொள்ளச் சொன்னானா? அமிர்தராஜ் பார்த்தார். குனிந்து பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், பிரேக்கைத் தளர்த்தி வண்டியைச் சரிவில் வெயிலுக்கு உருளவிட்டு ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். குறை சொல்ல ஒரு கடுகளவு இடம் கிடைக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் மாதிரி கறுப்பு, அதற்குள் முழு ஆகாயம். தம் பாதியைப் பார்த்தார். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. நன்றாகத்தான்.

தோளில் கிடந்த துண்டு எப்போது கைக்கு வந்தது என்று அவருக்கே தெரியாது. காலையிலிருந்து தூசி குடித்த துண்டு. தாஹாவின் பாதியில் அழுத்தி நாலு சுற்று சுற்றினார். வெயிலில் பளிச்சென்று வலை விழுந்தது. அப்பாடா என்று இருந்தது.

அந்த அப்பாடா ஒரு நிமிஷம்தான். நாலும் வட்டம்! தாஹா வாழ்நாளில் வட்டம் போட்டவனில்லை என்பது டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். அந்தக் கீறல் ஒவ்வொன்றும் 'அமிர்தராஜ்' என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டு நின்றது.

மாதாவே என்று அந்த அம்பாசிடரை ஒற்றை ஆளாக நிழலுக்குத் தள்ளினார். நாலு பேர் தள்ளும் வண்டி, பயத்துக்குக் கன்றுக்குட்டி போல வந்தது. தாஹாவின் துணியையே எடுத்து, தாஹாவைப் போலவே மேலும் கீழுமாகத் தேய்த்தார். வட்டத்துக்குப் பழகிய மணிக்கட்டு வளையப் பார்க்கும். பல்லைக் கடித்து நேராக்குவார். ஜெபம் சொல்லிக்கொண்டே தேய்த்தார். தொழுகை முடிந்து தெருவில் ஆட்கள் வரும்போது துணியை வைத்தார்.

சாயங்காலம் சடகோபன் வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வலது பாதியைப் பார்த்துத் தலையாட்டினார். இடது பாதிக்கு வந்தவர் குனிந்து முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார்.

"பேஷ்! எம்பெருமானே எட்டிப் பாத்தா திருமேனி தெரியும் போல இருக்கே. இது யார் போட்டது?"

"அது தாஹா பாதிங்க," என்றார் அமிர்தராஜ்.

"அப்ப வண்டி தாஹாவுக்கு."

"கொஞ்சம் நிதானமாப் பாருங்க சாமி! அப்படி ஒண்ணும் பெரிய வேலையில்லீங்க அது. ஓரத்துல லேசா மங்கலா இருக்கு பாருங்க..."

"ஓய், அது உம்ம நிழல்! தள்ளி நில்லும்," என்று சிரித்துவிட்டு சடகோபன் ஆட்டோவில் ஏறினார்.

தன் வேலையைத் தானே பழித்து, அதிலும் தோற்று நின்றார் அமிர்தராஜ். ஊரில் எத்தனையோ பேர் பொறாமைப்பட்டிருக்கிறார்கள்; தன் கையைப் பார்த்தே வயிறெரிந்தவர் அவர் ஒருவர்தான். 'அது நான் போட்டதுடா' என்று கத்தலாம். ஏன் போட்டாய் என்றால்?

கூடவே நின்றிருந்த தாஹா, அவர் போனதும் பானெட் மேல் குனிந்தான். தன் துணியை எடுத்து முகர்ந்தான்.

"அண்ணே, இது என் கை இல்ல."

"பின்ன?"

"கோடு நேராத்தான் இருக்கு. ஆனா என் கைக்கு இவ்ளோ ஆழம் வராது. ஷார்ஜாவுல எனக்குத் தொழில் சொல்லிக்குடுத்த உஸ்தாதுக்கே வராது. நான் இல்லாதப்ப யாரு வந்தா?"

"எனக்கென்ன தெரியும்? டீ குடிக்கப் போயிருந்தேன்."

"யாரா இருந்தாலும் சரி," தாஹா வலது பாதியைப் பார்த்தான், பிறகு அமிர்தராஜின் சிவந்து வீங்கிய மணிக்கட்டைப் பார்த்தான். "வண்டி எனக்கே கிடைச்சும் மனசு ஆறலண்ணே. அந்த ஆள் மேல அப்படிப் பொறாமையா இருக்கு."

காலையிலிருந்து எரிந்த வயிற்றில் யாரோ ஒரு குடம் காவேரித் தண்ணீரைக் கொட்டியது போலிருந்தது அமிர்தராஜுக்கு. ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தார்.

"நெசமாவா தம்பி?" என்றார். "எம்புட்டுப் பொறாமை? கொஞ்சம் விவரமாச் சொல்லு."