எண்ணெய் பூசிய கம்பியும் என் விசைக் கணக்கும்

ஒரே ஒரு மலையாம், மலையிலிருந்து இறங்க ஒரே ஒரு கம்பியாம், கம்பியின் மேல் நுனியில் ஒரே ஒரு ஆளாம். அந்த ஆள் நான்தான். பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே உச்சி மலையில் பறித்த கொழுந்தை மூட்டையாகக் கட்டி, இரும்புக் கொக்கியில் மாட்டி, கம்பி வழியே கீழே ஸ்டோருக்கு விடுவது என் வேலை. தேயிலை ஆலையை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். இந்தத் தொழிலில் கீழே போக மூட்டைக்கு வழி உண்டு, மூட்டையை விடுகிறவனுக்கு இல்லை.

ரயில் கேட்டில் கொடி பிடிக்கிறவர்களே, பூட்டிக் கிடக்கும் பங்களாவுக்குக் காவல் இருக்கிறவர்களே, கணக்கு வராமல் ஸ்லேட்டைத் துடைத்துத் துடைத்துத் தேய்த்தவர்களே, இதெல்லாம் உங்களுக்குத்தான். நாளுக்கு மூன்று தரம் கொழுந்து நிறுக்கும்போது பெண்கள் வந்து அரை மணி நேரம் கலகலவென்று இருப்பார்கள். பிறகு நானும், மூடுபனியும், காற்றில் முனகுகிற கம்பியும். தாத்தா சொன்ன கதைகளிலே ராசகுமாரன் ஏழு மலை தாண்டிப் போவான். ஒரு மலையிலேயே உட்கார்ந்திருந்த ராசகுமாரனைப் பற்றி அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

விடை இல்லாத புத்தகம்

ஸ்டோரில் இஞ்சின் அறைக்கு ஓர் ஆள் வேண்டுமாம், தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரப் பெரிய தொரை கணக்குக் கேட்டுத்தான் எடுப்பாராம் என்று ஒரு பேச்சு மலையேறி வந்தது. இஞ்சின் அறையில் நாலு பேர் வேலை. இரைச்சலில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது, அதனால் காலையிலிருந்து மாலைவரை கத்திக் கத்திப் பேசுவார்கள். என் குரலோ எனக்கே பாதிதான் கேட்கும். ஆனாலும் கத்துவதற்கு நாலு பேர் இருக்கிற இடம் அல்லவா! எப்படியாவது அங்கே இறங்கிவிட வேண்டும் என்று பித்துப் பிடித்துவிட்டது.

பதுளை மிஷன் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்த இங்கிலீஷ் கைவசம் இருந்தது. புத்தகம்தான் இல்லை. மாதத்துக்கு ஒரு தரம் துணி மூட்டையோடு எங்கள் குடியிருப்பு வரிசைகளான லயங்களுக்கு வருகிற முஸ்லிம் வியாபாரி நானாவிடம் சொல்லி வைத்தேன். பதுளைக் கடை ஒன்றில் பொட்டலம் கட்டுகிற காகிதக் கட்டிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு வந்தார். விசை, திணிவு, வேகம் என்று பக்கத்துக்குப் பக்கம் கணக்கு. ஆசையாகக் கடைசிப் பக்கத்துக்குத் திருப்பினால், விடைகள் இருக்க வேண்டிய எட்டுத் தாளும் கிழிபட்டிருந்தன. என் முகம் போன போக்கைப் பார்த்து நானா சொன்னார்: “கேள்வி எல்லாம் இருக்கிதானே தம்பி, அது போதாதா? விடையில கருவாடு சுத்திக் குடுத்தாச்சு.”

முழு மூட்டையும் அரை மூட்டையும்

விடைத்தாள் இல்லாதவனுக்குக் கம்பிதான் விடைத்தாள். கம்பிக்குப் பக்கத்தில் நான் ஒதுங்குகிற குடிசையின் கூரையில் முப்பத்தொன்பது அங்குலக் கயிற்றில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். அது இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போக ஒரு செக்கன். மூட்டையை விட்டதும் கல்லை ஆட்டிவிட்டு எண்ணுவேன். கீழே மூட்டை சேர்ந்ததும் கீழ்க்கம்பிக்காரர் இருளப்பன் கம்பியில் ஒரு தட்டுத் தட்டுவார். அது அந்த நொடியே மேலே கேட்கும். கம்பி இரண்டாயிரத்து நானூறு அடி, சரிவு நாலுக்கு ஒன்று. புத்தகப்படி போட்டால் இருபத்துநாலரை செக்கன். கம்பி சொன்னது நாற்பத்தெட்டு. இருபது தரம் திருப்பிப் போட்டேன். அப்புறம்தான் கணக்கின் தலைமாட்டில் பொடி எழுத்தில் இருந்தது கண்ணில் பட்டது: சரிவு வழுவழுப்பானது, உராய்வு இல்லை, காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம். எங்கள் மலையில் காற்றைக் கணக்கில் எடுக்காதவன் வேட்டியைத் தேடிக்கொண்டுதான் போக வேண்டும்.

இன்னொரு கணக்கு, பாரமானதும் இலேசானதும் ஒரே நேரத்தில் இறங்கும் என்றது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் இதை எங்களை மேய்க்கிற கங்காணி ஐயாவிடம் சொன்னேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, “எங்கே, விட்டுக் காட்டு” என்றார். முழு மூட்டை நாற்பத்தெட்டில் தட்டியது. அரை மூட்டை காற்றில் தத்தளித்து ஐம்பத்தைந்தில் போய்ச் சேர்ந்தது. கூடை இறக்க வந்த பெண்கள் எல்லாம் சேர்ந்து எண்ணியதால் மறைக்கவும் வழியில்லை. காற்றைப் பற்றி நான் சொல்ல வாயெடுப்பதற்குள் கங்காணி துண்டை உதறித் தோளில் போட்டார்: “பொஸ்தகம் எழுதினவன் கொழுந்து தூக்கியிருக்க மாட்டான்டா.”

கீழே போன கடிதம்

இருளப்பன் அண்ணனை நான் கிட்டத்தில் பார்த்ததில்லை. அவர் ஸ்டோர் லயத்தில், நான் மேல்மலை லயத்தில். கீழே பார்த்தால் எறும்பளவு தலைப்பாகை, அவ்வளவுதான். மூன்று வருசமாக எங்களுக்குள் நடந்த பேச்சு எல்லாம், மூட்டை வருது என்று நான் தட்டுகிற ஒரு தட்டும், வந்திருச்சு என்று அவர் தட்டுகிற ஒரு தட்டும்தான். மழை நாளில் அவர் தட்டு கொஞ்சம் மந்தமாக வந்தால், சளி பிடித்திருக்குமோ என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

கீழே மூட்டை மோதி நிற்பதற்குப் பலகையும், அதன் முன்னால் வைக்கோல் திணித்த சாக்கும் இருந்தன. மோதலின் விசையைக் கண்டுபிடிக்க, சாக்கு எத்தனை அங்குலம் அமுங்குகிறது என்று தெரிய வேண்டும். விவரமாக ஒரு தாளில் எழுதி, நலம் விசாரித்து, ‘தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்’ என்று முடித்து மூட்டைக்குள் வைத்தனுப்பினேன். இரண்டு நாள் ஒன்றுக்கும் சத்தமில்லை. மூன்றாம் நாள் வெறும் சாக்குகளைத் தலையில் சுமந்துகொண்டு மலையேறி வந்த பூங்காவனம் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே சேதி சொன்னாள். எங்கள் கூட்டத்திலேயே வாய்த்துடுக்கு அவளுக்குத்தான். “கீழ்க்கம்பி அண்ணன் சொல்லச் சொன்னாரு தம்பி. ‘எனக்கு எழுத்துத் தெரியாது, கொழுந்தை மட்டும் அனுப்பு’ன்னாரு.”

எண்ணெய்க் காப்பு

ஆயுத பூசை வந்தால் ஸ்டோரில் இஞ்சினுக்கும் உருளைக்கும் பொட்டு வைப்பார்கள். அந்த வருசம் மேல்மலைக் கம்பிக்கும் பூசை போட வேண்டும் என்று கங்காணிக்குத் தோன்றியது. நியாயம்தான், கம்பியும் உழைக்கிறது. தேங்காய் உடைத்தார்கள், எலுமிச்சம்பழம் வெட்டினார்கள், தப்பு முழங்கியது. பிறகு, சாமி சிலைக்குச் சாத்துகிற மாதிரி கம்பிக்கு எண்ணெய்க் காப்பு. மேல் நுனியில் மட்டும் பூசினால் போதாது, உச்சி முதல் பாதம்வரை சாத்த வேண்டும் என்று, நல்லெண்ணெயில் ஊறிய துணியைக் கம்பியைச் சுற்றிக் கட்டி, கீழே ஒரு கல்லைத் தொங்கவிட்டு வழுக்கிவிட்டார்கள். மூன்று துணி போனது. எனக்குப் பழக்க தோசம், எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு துணியும் முந்தினதைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தது. புத்தகத்தின் தலைமாட்டில் இருந்த பொடி எழுத்து என் கண் முன்னாலேயே நிசமாகிக்கொண்டிருந்தது.

“கங்காணி ஐயா, மூட்டை வேணாங்க. இன்னைக்கு ரொம்ப வேகமாப் போகும்” என்றேன். தப்புச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கிட்டப் போய் இன்னொரு தரம் சொன்னேன். “நல்ல நாளும் அதுவுமா வேணாங்கிற வார்த்தை பேசாதே” என்று சொல்லிவிட்டு, மாலை போட்ட எண்பது இறாத்தல் மூட்டையைத் தம் கையாலேயே தள்ளிவிட்டார். அது புறப்பட்ட புறப்பாட்டில் மாலை அறுந்து பின்னால் பறந்தது. கீழே இருளப்பன் அண்ணன் பலகைக்குப் பக்கத்தில்தான் நிற்பார், கையை நீட்டிக்கொண்டு. எனக்குக் குரல் இல்லை. கட்டையை எடுத்துக் கம்பியை அடித்தேன். ஒரு தட்டு அல்ல. நிறுத்தாமல், வெறி பிடித்தவன் மாதிரி, கட்டை உடைகிறவரைக்கும். முப்பத்துமூன்றாவது செக்கனில் பலகை பிளந்த சத்தம் மலைக்கே கேட்டது. தப்பு நின்றுவிட்டது. மூட்டை பலகையையும் அதற்குப் பின்னால் இருந்த தகரத்தையும் துளைத்துக்கொண்டு போய்விட்டது.

அப்புறம் கீழேயிருந்து தட்டு வரவே இல்லை. கங்காணி கும்பிட்ட கையை இறக்காமல் நின்றார். பூங்காவனம் அக்காதான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு குறுக்குப் பாதையில் ஓடினாள். அவள் திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேலானது. வளைவில் தலை தெரிந்ததும் அங்கிருந்தே கையை ஆட்டினாள், ஒன்றுமில்லை என்று. வந்து என் முன்னால் நின்றாள். “அண்ணனுக்கு ஒரு கீறல் கூட இல்ல. நீ அடிச்ச அடியில மெரண்டு வெளிய ஓடி வந்துட்டாராம். ‘மூணு வருசமாத் தட்டுறான், இன்னைக்குத்தான் பேசினான்’னாரு.”

தொரையின் பரீட்சை

சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் பெரிய தொரை குதிரையில் ஏறி வந்தார். பெண்கள் வரிசையாக ஒதுங்கி நின்றார்கள். தொரையின் தமிழ் எல்லாருக்கும் தெரியும், அதற்குப் பயம்தான் இலக்கணம். “மூட்டை அதே மூட்டை. பலகை ஏன் ஒடஞ்சது?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அந்தக் கேள்வியை எனக்குத் தெரியும், வேறு வேறு எண்களோடு எத்தனையோ தரம் போட்டிருக்கிறேன். “பாரம் அதேதான் தொரை. ஆனா நாப்பத்தெட்டுச் செக்கன்ல போறது முப்பத்துமூணுல போயிருச்சு. வேகம் ஒண்ணரை மடங்கு. மோதுற அடி வேகத்தோட வேகத்தைப் பெருக்கின மாதிரி ஏறும். ரெண்டு மடங்குக்கும் மேல.” தொரை குதிரையை விட்டு இறங்கினார். “உராய்வு ஒண்ணுமே இல்ல, காத்தும் இல்ல. அப்போ எத்தனை?” “இருபத்துநாலரை, தொரை.” சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து ஒரு தாளில் அவரும் போட்டுப் பார்த்தார். “சரி” என்றார். அந்தப் புத்தகம் கைக்கு வந்த நாளிலிருந்து என் விடை ஒன்றைச் சரி என்று ஒரு மனுசர் சொன்னது அன்றைக்குத்தான். இஞ்சின் அறையின் இரைச்சல் இங்கேயே என் காதில் விழ ஆரம்பித்துவிட்டது.

“எண்ணெய் யார்?” என்றார் தொரை. நான் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கங்காணி ஐயா தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார். எனக்கு நல்லது செய்ய வேண்டும் என்றுதான் பேசினார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. “நான்தான் தொரை. தம்பி அப்பவே கணக்குப் போட்டு வேணாம்னு ரெண்டு தரம் சொல்லிச்சு. நான்தான் கேக்கல. ஸ்டோர்ல ஒரு மனுசன் உசிரோட இருக்கிறது இந்தத் தம்பியாலதான்.” தொரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். “முன்னாலே நீ தெரியும்?” “தெரியுங்க தொரை.” “அப்போ நீ மேலே. எப்பவும் மேலே. நீ சொல்லு, மூட்டை போகும். நீ சொல்லாது, போகாது. இஞ்சினுக்கு வேற ஆள் போதும்.” ஒரு பெரிய மரியாதையைக் கொடுத்த முகத்தோடு குதிரையில் ஏறினார்.

கங்காணி ஐயா என் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுத் தொரைக்குப் பின்னால் நடந்தார். நிறுவை முடிந்த பெண்களும் இரண்டு மூன்று பேராக இறங்கினார்கள். பூங்காவனம் அக்கா மட்டும் வெறுங்கூடையைத் தலையில் மாட்டியபடி கொஞ்ச நேரம் நின்றாள். “கீழ போற ஆளுக்கு வச்ச பரிச்சைன்னுல்ல தம்பி நெனச்சேன். மேல இருக்கிற ஆளுக்கா வச்சாங்க?” என்று சொல்லிவிட்டு, அவளும் வளைவில் திரும்பிப் போனாள்.

விசையைப் பற்றி நான் சொந்தமாகக் கண்டுபிடித்தது இது ஒன்றுதான்: கணக்குத் தெரிந்தவனை மலையிலிருந்து கீழே இறக்க எந்த விசையாலும் முடியாது.