ஆண் மரம் இல்லாத பப்பாளித் தோட்டம்

விழுப்புரம் ஜங்ஷன், காலை ஐந்தேகால். இறங்கினேன் என்று எழுதினால் சரியாக இருக்காது. எனக்குப் பின்னால் நின்ற ஒரு பலாப்பழமும் அதைத் தூக்கியவரும் சேர்ந்து என்னை இறக்கிவிட்டார்கள். 1986ஆம் வருஷம், சித்திரை மாதம். கும்பகோணத்தில் நான் ஏறிய எக்ஸ்பிரஸ் திண்டிவனத்தில் நிற்காது. எனவே இங்கே இறங்கி பாசஞ்சருக்குக் காத்திருக்க வேண்டும். வந்த டீசல் இன்ஜினைக் கழற்றி மின்சார இன்ஜினை மாட்டினார்கள். அதற்குள் பிளாட்பாரத்தில் பாதிப் பேர் பல் விளக்கி, டீயும் குடித்து முடித்தார்கள். டீ அறுபது காசு. சூடாக இருந்தது என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எதற்காக இந்தப் பயணம் என்று வாசகர்கள் கேட்கலாம். பப்பாளி விதைக்காக. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். பாத்திரக் கடை வைத்திருக்கும் எனக்குக் கொல்லையில் ஐந்து பப்பாளி மரங்கள். ஐந்தும் ஆண். பூவாகப் பூத்துக் கொட்டும், ஒரு காய் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர், மரத்தில் இரும்பு ஆணி அடித்தால் பெண்ணாக மாறும் என்றார். அடித்தேன். ஆணிதான் துருப்பிடித்தது. இந்த நிலையில், திண்டிவனத்தில் வேலை பார்க்கும் என் மைத்துனர் ஒரு நீளமான பழத்தைக் கொண்டுவந்து, "இந்த ஜாதியில ஆண் மரமே வராதாம், ஒரு டெய்லர் வீட்டிலேயே உருவாக்கியிருக்கார்" என்று சொல்லி, கடைக்கு வழியும் சொன்னார். அன்றிலிருந்து என் மனைவி என்னைப் பார்க்கும் பார்வையில் ஒரு சின்ன நம்பிக்கை தெரிந்தது. புறப்பட்டுவிட்டேன்.

பாசஞ்சர் ஆறு மணிக்கு மேல் கிளம்பியது. திண்டிவனத்துக்கு நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் வண்டிக்கு அவசரம் ஏதும் இல்லை. முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலையின் புளித்த பாகு வாசனை ஜன்னல் வழியே ஏறி, விக்கிரவாண்டி வரை டிக்கெட் இல்லாமல் கூடவே வந்தது. எதிரே வெள்ளரிப் பிஞ்சுக் கூடையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். என் கதையைக் கேட்டுவிட்டு, "ஆணு மரத்தைக் கட்டிக்கினு எதுக்குங்க அழுவுறீங்க?" என்றார். "நாங்க ஒரு குழிக்கு மூணு நாலு கன்னு வெப்போம். பூ வந்ததும் பாப்போம். அடி பருத்த பூவா இருந்தா பொண்ணு, ஒல்லியா இருந்தா ஆணு. ஆணை அன்னிக்கே வெட்டிடுவோம். மகரந்தத்துக்குப் பத்துக்கு ஒண்ணு வுட்டாப் போதும்." எல்லா ஊரிலும் செய்வதுதான். நான்தான் குழிக்கு ஒன்றாக வைத்து ஏமாந்தவன். பேரணி தாண்டியதும் கரட்டு மலைகள், வற்றிய ஏரி, பனைகள். பிறகு தூரத்தில் மயிலத்துக் கோயில் குன்று தெரிந்தது. அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறச் சந்தில் ஏழுமலையின் தையல் கடை. இரண்டு மெஷின், கழுத்தில் நாடா, நாற்பதைத் தாண்டிய மனிதர். வாசலில் நடந்து போகும் போலீஸ்காரரையும் நிமிராமல் பூட்ஸ் சத்தத்தில் அடையாளம் கண்டுபிடிக்கிறவர். பழம் சாப்பிட்ட கதையைச் சொன்னதும் மெஷினை நிறுத்தினார்.

"வெத இல்லீங்களே, அண்ணே. ஊட்டுத் தாய் மரம் ஐப்பசி மழையில வேரு அழுவி சாஞ்சிடுச்சி. இருந்த வெதையெல்லாம் அதுக்கு முன்னாடியே அக்காகிட்ட குடுத்துட்டேன். மயிலத்துக்கு அந்தாண்ட அரை ஏக்கரா நட்டிருக்குது. மல்லாட்டை போடற நெலம். நான் சொன்னேன்னு இந்தத் தபா பப்பாளி வெச்சிருக்குது. இனிமே அங்கதான் வெத."

மல்லாட்டை என்றால் அந்தப் பக்கத்தில் நிலக்கடலை. அவர் எப்படி உருவாக்கினார் என்று கேட்டேன். விதையிலிருந்து மரம், அந்த மரத்து விதையிலிருந்து மரம் என்று மூன்று தலைமுறை வளர்த்ததைச் சொன்னார். மிஞ்சின துணியில் சிறு பைகள் தைத்து, பூ விரிவதற்கு முன்பே மொட்டை மூடிக் கட்டிவிடுவாராம். வேறு மரத்து மகரந்தம் உள்ளே புகாது. ஜாக்கெட் துணிப் பை போட்ட மரம் அது, என்றார் பெருமையாக.

அப்போதுதான் மயிலம் டவுன் பஸ்ஸின் கண்டக்டர் கடை வாசலில் தலையை நீட்டினார். இந்தப் பக்கத்தில் தபால் துறைக்கு வேலை வைக்காமல் சேதிகளைச் சுமப்பவர்கள் கண்டக்டர்கள்தான்.

"டெய்லரே, உங்கக்கா நேத்தெல்லாம் கொடுவாளை எடுத்துக்கினு பப்பாளியை வெட்டிக்கினு இருந்துச்சாம். எல்லாம் ஆணாம். உன்னை ஜல்தியா வரச் சொல்லிச்சி."

ஏழுமலை கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். ஷட்டரை இழுத்துப் பூட்டினார். என்னை வா என்று சொல்லவுமில்லை, வராதே என்று சொல்லவுமில்லை. அதே பஸ்ஸில் ஏறினேன்.

மயிலம் பதிமூன்று கிலோமீட்டர், டிக்கெட் ஒன்றேகால் ரூபாய். வழியில், பேசாவிட்டால் அழுதுவிடுவேன் என்பது போல, அவர் பேசிக்கொண்டே வந்தார். பப்பாளியில் மூன்று வகை: ஆண், பெண், இரண்டும் ஒரே பூவில் கலந்தது. கலந்த மரத்தின் பூவைப் பையில் கட்டினால் தனக்குத்தானே சேர்ந்து காய்க்கும். அந்த விதையிலிருந்து வரும் கன்றுகளில் மூன்றுக்கு இரண்டு கலந்த மரம், ஒன்று பெண். ஆணே கிடையாது. அதனால்தான் அக்காவிடம் அடித்துச் சொன்னாராம்: ஒரு குழிக்கு ஒரே கன்று வை, கூடுதல் கன்று வேண்டாம். "இப்ப குழியெல்லாம் வெறுங்குழிங்க, அண்ணே. அக்கா என் மூஞ்சில முழிக்காது. என் மரமும் இல்ல." இந்த மனிதருக்கு இன்று போகப்போவது என்னவென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்கு விதை இல்லாமல் போவது அதன் பக்கத்தில் ஒன்றுமில்லை.

காலை பத்தரை. ஏழுமலையின் அக்கா அஞ்சலையம்மாள் தன் ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், மயிலத்திலிருந்து நடக்கும் தூரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றை ஒட்டிய அரை ஏக்கர். அங்கங்கே நின்ற பெண் மரங்களுக்கு நடுவே, வெட்டிய மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. அடிக்கட்டைகளில் பால் வழிந்து காய்ந்திருந்தது. அஞ்சலையம்மாள் முழங்கை வரை தேங்காயெண்ணெய் தடவியிருந்தார். பப்பாளிப் பால் பட்டுத் தோல் வெந்திருந்தது. அவருடைய கணவர் ஆலையில் பருவ வேலைக்குப் போய்விட, நிலம் இவர் பொறுப்பு.

முதலில் என்னைப் பார்த்து, "வாங்க சார், குடிக்கத் தண்ணி தரட்டுங்களா?" என்றார். நான் வாங்கிக் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, தம்பி பக்கம் திரும்பினார்.

"வாடா. வந்து பாரு உன் சீமை வெதையை. ஊரே நாலு கன்னு வெச்சிது. நான் உன் பேச்சைக் கேட்டு ஒண்ணு வெச்சேன். எல்லாருக்கும் பாதிக்குப் பாதி ஆணு வரும். உன் வெதையில மூணுக்கு ரெண்டு ஆணுடா! போறவ வர்றவல்லாம் சிரிச்சிட்டுப் போறாளுவ. உன் ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

ஏழுமலை கிடந்த மரத்திலிருந்து ஒரு பூவைக் கிள்ளினார். ஒல்லியான பூ. நகத்தால் பிளந்தார். உள்ளே பிஞ்சுக்கான அடையாளமே இல்லை. இன்னொன்றைப் பிளந்தார். அதிலும் இல்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "ஆணுதாங்கா," என்றார். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. அடுத்த பஸ் எப்போது என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

அதற்குள் ஏழுமலை தலையைத் தூக்கினார்.

"அக்கா, எவ்ளோ ஆணுன்னு சொன்னே?"

"காது கேக்கலையா? மூணுக்கு ரெண்டு."

"பாதி இல்லியே?"

"பாதியா இருந்தா நான் ஏன் கத்தறேன்?"

எழுந்து அடிக்கட்டைகளின் ஊடே நடந்தார். பிறகு விழுந்து கிடந்த மரங்களை ஒவ்வொன்றாகப் புரட்ட ஆரம்பித்தார். நானும் கை கொடுத்தேன். பால் பட்டு என் விரல் அரித்தது வேறு விஷயம். பூக்காம்பைக் காட்டினார். ஆண் மரத்தில் காம்பு முழ நீளத்துக்குக் கிளை விட்டுத் தொங்கும். என் கொல்லையில் தினமும் பார்க்கிற காட்சி. இங்கே காம்பு விரல் நீளம்கூட இல்லை, பூ மரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நாலைந்து மரம் புரட்டியதும், வாடிய இலைக்கு அடியில், பூக்கொத்தின் நடுவே, சுண்டுவிரல் போல ஒரு பிஞ்சு இருந்தது. நீளப் பிஞ்சு. பங்குனி முதலிலேயே பூத்த மரமாக இருக்க வேண்டும்.

"கலந்த மரங்கா இது. ஆணு இல்ல. வெயில் தாங்காம பூவு காயை வுட்டுட்டு வெறும் ஆணா நிக்குது. மழை வுழுந்து சூடு தணிஞ்சா தானா காய்ச்சிருக்கும்."

அஞ்சலையம்மாள் பிஞ்சை வாங்கிப் பார்த்தார். "உனக்கு இது தெரியுமா?"

"வெவசாயப் பண்ணையில குடுத்த நோட்டீசுல படிச்சேன். நம்ம ஊட்டு மரம் கெணத்தடி நெழலு. ஒரு சித்திரையிலயும் அது மாதிரி பண்ணலியே. அதான் சொல்லாம வுட்டுட்டேன்."

"ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாடா பேஜாரு உனக்கு?"

அக்கா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வெட்டிய மரத்தின் மேலேயே உட்கார்ந்து, "காய்க்கிற மரத்தை என் கையாலயே வெட்டிப்புட்டேனே," என்றார். எண்ணெய் தடவிய கையில் அந்தப் பிஞ்சை வைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு மனசு பாரமாகிவிட்டது. ஊர் சொன்னபடி ஒழுங்காக வேலை செய்த ஒரு பெண்ணுக்கு இந்தத் தண்டனை அதிகம்.

எல்லாம் போய்விட்டதா என்று நான்தான் கேட்டேன். அந்தக் கேள்வியில்தான் கிணற்றோரம் நின்ற மூன்று மரங்கள் எல்லோர் கண்ணிலும் பட்டன. ஒல்லிப் பூ மரங்கள். பத்துக்கு ஒன்று விட வேண்டும் என்ற வழக்கத்துக்குப் பெயரளவில் விட்டவை.

"இத மட்டும் ஏங்கா வுட்டே?"

"ஆணுதானே, எதுக்கு எடத்தை அடைச்சிக்கினு நிக்கணும்னு இருக்கறதுலயே குட்டையாப் பாத்து வுட்டேன்."

ஏழுமலை சிரித்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். மூன்று தலைமுறையாக அவர் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தது குட்டை மரத்தைத்தான். ஏணி இல்லாமல் காய் பறிக்கிற மரம் வேண்டும் என்பது அவர் கனவு. அக்கா கோபத்தில் பொறுக்கியதும் அதையேதான். வெட்டாமல் விட்ட பெண் மரங்களிலும் காய் வரும், விற்கலாம். ஆனால் அக்கம்பக்கத்து ஆண் மரங்களின் மகரந்தமும் கலந்துவிடுமாதலால் அந்த விதையை நம்ப முடியாது. இனி விதை என்றால், பை கட்டி இந்த மூன்றில் எடுப்பதுதான்.

மத்தியானம் அக்கா கேப்பைக் கூழும் வறுத்த மல்லாட்டையும் கொடுத்தார். சாப்பிட்ட கையோடு அஞ்சலையம்மாள் பழைய சேலையின் சிவப்புக் கரையைக் கிழித்து மூன்று மரத்திலும் கட்டினார். "நான் இல்லாதப்ப எவனாச்சும் ஆணுன்னு ஒதவி பண்ண வந்துடுவான்," என்றார்.

நாலு மணி பஸ்ஸுக்கு அவரும் ரோடு வரை வந்தார். பஸ் கண்ணில் படும் வரை தம்பியிடம் முகம் கொடுக்கவில்லை. ஏறப் போகிற சமயத்தில் சொன்னார்:

"அந்தப் பையை எப்பிடித் தெக்கறதுன்னு ஒண்ணு தச்சி கண்டக்டர்கிட்ட குடுத்தனுப்பு. மாதிரிக்கு."

"மழை வுழுந்து சூடு தணிஞ்சி ஆவணியிலதாங்கா கட்டணும். நானே வந்து—"

"நீ வர வேணாம். நான் கட்டிக்கிறேன்."

திண்டிவனத்தில் கடை வாசலில் ஒரு பெண் ரவிக்கைக்காகக் காத்திருந்தாள். மறுநாள் அவள் வீட்டில் கல்யாணம். ஏழுமலை அவளை உட்காரச் சொல்லிவிட்டு, மெல்லிய வாயில் ரகப் பருத்தித் துணியாகத் தேடி எடுத்து, முதலில் பையைத்தான் தைத்தார். அவள் முணுமுணுத்ததை மெஷின் சத்தம் அமுக்கிவிட்டது. என் கையில் விதை இல்லை. அவரிடம் கேட்க வாயும் வரவில்லை. சொல்லிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

விழுப்புரம் வரை ரயில் ஜன்னலில் தெரிந்த கொல்லைகளில் எல்லாம் பப்பாளிகளைத் தேடிப் பார்த்தபடி வந்தேன். கும்பகோணம் வந்ததும் என் ஐந்தையும் போய்ப் பார்த்தேன். முழ நீளக் காம்பு, கிளை விட்டுத் தொங்கும் பூ. சந்தேகத்தின் பலன் எதுவும் கொடுக்க முடியாத அப்பட்டமான ஆண்கள். இருந்தாலும் ஒவ்வொரு கொத்தையும் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வெட்டினேன். மனைவி, "என்ன தேடுறீங்க?" என்றாள்.

அடுத்த மாசி மாதம் மைத்துனர் ஊருக்கு வந்தபோது ஒரு சின்னத் துணிப் பையைக் கொடுத்தார். டெய்லர் கொடுத்தனுப்பியது என்றார். உள்ளே உலர்ந்த கறுப்பு விதைகள். பையைத் திருப்பிப் பார்த்தேன். மெஷின் தையல் இல்லை. கோணல்மாணலான கைத்தையல், ஓரத்தில் பப்பாளிப் பால் பட்ட பழுப்புக் கறை. வாயைக் கட்டியிருந்தது சிவப்புச் சேலைக் கரை.

கன்று வளர்ந்ததும் நடுவதற்காக மனைவி கொல்லையில் குழி வெட்டி வைத்திருந்தாள். ஒரு குழிக்கு எத்தனை வைக்க என்று கேட்டாள். ஒன்று போதும் என்றேன்.