மிதித்தால் பறக்கும், விரிந்தால் இறங்கும்

பொம்மை செய்து விற்கும் சக பாவிகளே, நாம் செய்தது ஓடினால் குழந்தைக்குக் குஷி. ஓடாவிட்டால் நமக்கு வசவு.

எண்பதுகளில் ஏற்காடு ஏரிக்கரையில் பொம்மைக் கடை வைத்திருந்தபோது, நானே ஒரு காற்று ராக்கெட் செய்யக் கிளம்பினேன். கோடை விழாவுக்கு வரும் சேலத்து மொத்த வியாபாரிக்குப் பிடித்தால் எடுத்துக்கொள்வார். பிடிக்காவிட்டால் கடையை மூடிவிட்டு மச்சானின் அரிசி மண்டிக்கு மூட்டை தூக்கப் போவதாக மனைவி செல்வியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

முதல் மிதி

கால்பந்துக்குள் இருக்கும் காற்றுப் பையான பிளாடரில் குழாயைச் செருகி, குழாயின் மேல் காகித ராக்கெட்டை மாட்டி, ஓங்கி மிதித்தேன். அப்பப்பா! சில்வர் ஓக் மரத்தையே தாண்டிவிட்டது! உச்சியில் மூக்குமூடி கழன்று, மடித்து வைத்த பாராசூட் வெளியே வர வேண்டும். நானோ மூடியை இறுக்கிச் செருகியிருந்தேன். ராக்கெட் தலைகுப்புற வந்து, அந்த வழியாகப் போன, காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் தொப்பியில் குத்தி நின்றது. அவர் தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, மேல போறதுக்கு வழி கண்டுபுடிச்சுட்டீங்க. எறங்குறதுக்கும் ஒண்ணு கண்டுபுடிச்சா நொம்ப நல்லாருக்குமுங்க."

மலைக்கு ஒத்துக்கொள்ளவில்லை

மூடியைத் தளர்த்தினேன். ஒரு வேலையாக மலையடிவாரக் குப்பனூருக்கு இறங்கியபோது அங்கே பறக்கவிட்டேன். ஐந்து தடவையும் விரிந்தது! தலைகால் புரியாத சந்தோஷத்தில் பஸ் ஏறி வந்து செல்வியிடம் காட்டினால், பிளாஸ்டிக் பாராசூட் நமுத்த அப்பளமாய் ஒட்டிக்கொண்டு விழுகிறது. நூலை மாற்றினேன், மடிப்பை மாற்றினேன். ம்ஹூம். செல்வி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "மலைப் பஸ்ஸுல வந்ததுல அதுக்கும் தலை சுத்திருச்சாட்டம் இருக்குதுங்க."

சூசையின் டப்பா

பக்கத்து டீக்கடை சூசை கேரம் பைத்தியம். பாராசூட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். பனி ஈரம்! அவருடைய கேரம் போர்டிலும் அப்படித்தான் காய் நகராதாம். ஓடிப்போய் கேரம் பவுடரைக் கொண்டுவந்து தூவினார். மிதித்தேன். குடை மாதிரி விரிந்தது! அவரைக் கட்டிப்பிடித்துக் கத்தினேன். மறுபடி மறுபடி தூவிப் பறக்கவிட்டேன். கடைசியில் அவரே டப்பாவைப் பிடுங்கிக்கொண்டார்: "போதுமுங்க, சாயங்காலம் எனக்கு ஆட்டம் இருக்குதுங்க."

விழா நாள்

வியாபாரி வந்த நேரம், ஏரியெல்லாம் மூடுபனி. பவுடர் தூவி மிதித்தேன். விரிந்தது! கூட்டம் கைதட்டியது. பாராசூட் ராக்கெட்டையும் தூக்கிக்கொண்டு காற்றில் ஏறி, ஏரிக்கு மேலே போய், பனிக்குள் மறைந்தே போனது. பிள்ளைகள் கரையோரம் கத்திக்கொண்டு ஓடினார்கள். எனக்கு மச்சானின் மண்டி கண்முன்னே தெரிந்தது.

வியாபாரி பனியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தோளைத் தட்டினார்: "ஏனுங்க, தொலையிற பொம்மைதாங்க நல்ல பொம்மை, மறுக்காவும் வந்து வாங்குவாங்க. மொதல்ல நூறு அனுப்புங்க."

பத்திரமாகத் திரும்பி வரட்டும் என்று நான் அத்தனை பாடுபட்ட ராக்கெட், திரும்பி வராமல் போய்த்தான் என்னைப் பிழைக்க வைத்தது.