என் குழாயும் மச்சானின் வேலையும்

எண்பதுகளின் கடைசியில் குரோம்பேட்டையில் ஒரு மாடி அலுவலகத்தில் எனக்கு உத்தியோகம். அணுமின் நிலையத்துக் குழாய்கள் சூட்டையும் அழுத்தத்தையும் நிலநடுக்கத்தையும் தாங்குமா என்று கணக்குப் பார்ப்பது. வீட்டில் குழாய் சொட்டினால் ஆள் கூப்பிடுகிறவன் நான். அதனால் கிழக்குத் தாம்பரத்து மாமியார் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக மதித்ததில்லை.

மச்சானுக்கு அதே நிலையத்தில் வேலை உத்தரவு வந்தபோதுதான் எனக்கு மதிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து மாமியார் வீட்டில் சாப்பாடு. ஒரே பையன், அனுப்ப அவருக்கு மனமில்லை. முடிவு என் வாயில் இருந்தது.

"மாப்ளே, நீங்க கணக்குப் போட்ட குழாய் உடையாதுல்ல?"

"உடையாது" என்று சொல்லிவிட்டுக் கோழிக்காலைக் கடித்திருக்கலாம். எங்கள் தொழிலில் அந்தச் சொல்லே கிடையாது.

"குழாய் தாங்கலாம்னு அனுமதிச்ச அளவு நூறுன்னா, தொண்ணூறுதான் வருது அத்தை" என்றேன், பெருமையாக.

"பத்துதான் பாக்கியா?" கரண்டி சட்டியிலேயே நின்றது.

அந்த நூறே, உடைகிற இடத்துக்கு ரொம்பக் கீழே போட்ட கோடு என்று விளக்கினேன்.

"கோட்டை ஏன் அவ்வளவு கீழ போட்டாங்க? பயந்துதான?"

யோசித்துப் பார்த்தால், அதேதான்.

"இன்னும் தடியா குழாய் போட்டா இன்னா அத்தான்?" என்றான் மச்சான்.

தடித்தால், திடீர்ச் சூட்டில் உள்பக்கம் விரியும், வெளிப்பக்கம் விரியாது, விரிசல்தான் சீக்கிரம் வரும் என்றேன். மனைவி என் காலை மிதித்தாள்.

"ஒல்லியா இருக்கிறதும் ஒரு பலம் அத்தை, என்னைப் பாருங்க" என்று சமாளித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

கை கழுவும் இடத்துக்கு மச்சான் பின்னாலேயே வந்தான்.

"விளையாடாம சொல்லுங்க அத்தான். போகட்டுமா?"

"போ."

மறுநாள் காலை அலுவலகத்தில் அந்தக் குழாயின் கணக்கை மறுபடி எடுத்தேன். மேலதிகாரி எட்டிப் பார்த்தார்.

"அது போன வருஷமே முடிஞ்சுபோச்சேப்பா?"

"என் மச்சான் அங்க சேர்றான் சார்."

"ஓகோ. இவ்வளவு நாளா அங்க வேலை செஞ்சவன் எவனும் யாருக்கும் மச்சான் இல்லியா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் தலையைத் தூக்காமல் கணக்கை முடித்தேன். விடை இம்மியும் மாறவில்லை. அடுத்த வாரம் மச்சான் வேலையில் சேர்ந்தான். அதற்குப் பிறகு எந்த நாளிலும், சாயங்காலம் அவன் வேலையிலிருந்து வரும் பஸ் திரும்பும்வரை எனக்கு ஒரு ஜோக்கும் ஒழுங்காக வந்ததில்லை.