புகை பிடித்தது யார்?

பீடியாவது, சுருட்டாவது! தெரசா வாயில் வெற்றிலைகூட வைத்ததில்லை. கோச்சடை ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரி, "கடைக்குள்ள பீடி குடிச்சிருக்கா, தொரத்திட்டாங்க" என்கிறாளே, இரண்டுமே பொய்.

காளவாசலில் மொக்கையனின் துணிக்கடையில் தெரசா சேலை எடுத்துக் காட்டுகிறவள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாம்பிராணி போடுவதும் அவள்தான். "சர்ச்சுல தூபம் பாத்து வளந்தவ, ஒன் கைக்குத்தான் புகை நிக்கிது" என்பார் மொக்கையன். மாதாவைக் கும்பிடுகிறவள் லட்சுமி படத்துக்குப் புகை காட்டலாமா என்று அவளும் கேட்டதில்லை, லட்சுமியும் கேட்டதில்லை.

ஒரு வாரம், கூரையில் புதிதாக வட்டமாய் ஒரு கருவி மாட்டியிருந்தார்கள். புகை பட்டால் அலறும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சாம்பிராணி போட்டாள், அலறியது. கல்யாணப் பட்டு எடுக்க வந்த கூட்டம் தெருவுக்கு ஓடியது. ஓடினவர்கள் எதிர்க்கடையில் நுழைந்து பட்டெடுத்தார்கள். மொக்கையனுக்கு அதுதான் தீ.

"நாளையிலருந்து வராத" என்று அவளைப் பின்வாசல் வழியாக அனுப்பினார். மேனேஜர் முத்துக்குமரன் ஒரு தாள் கொடுத்தான்: 'தெரசா. கடையினுள் புகை பிடித்ததால் அலாரம் அடித்தது. பணிநீக்கம்.' பிடித்தது கருவி. தாளில் கருவியைக் காணோம். அந்தத் தாளைப் பாண்டீஸ்வரியிடம் படிக்கக் கொடுத்ததுதான் தெரசா செய்த ஒரே தப்பு.

தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தாள். மொக்கையனையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அதிகாரி தாளைப் படித்தார்.

"ஏம்மா, பீடியா, சிகரெட்டா?"

"சாம்பிராணிங்கய்யா. போடச் சொன்னவரு இந்தா ஒக்காந்திருக்காரு."

"சொன்னீங்களா?"

"வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாம எப்பிடிங்க?" என்றார் மொக்கையன், பெருமையாகவே.

வழக்கு அங்கேயே முடிந்தது. வேலையில் திரும்பச் சேர்க்கச் சொன்னார்கள். தெரசா எழுந்திருக்கவில்லை. "அந்தப் 'பிடித்ததால்'ங்கறத அடிச்சுட்டுப் 'போட்டதால்'னு எழுதச் சொல்லுங்கய்யா. பீடிக்காரின்னு தெருவே பேசுது." எழுதி வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மொக்கையன் ஏணியைச் சாத்தி வைத்து, கடைப் பை ஒன்றை நீட்டினார்.

"ஏறி அந்தக் கருவிய இதால மூடிக் கட்டிட்டுச் சாம்பிராணியப் போடு."

"நெசமாவே தீப்பிடிச்சா, அண்ணே?"

"அதெல்லாம் பிடிக்காது."

"பிடிச்சா, நாந்தான் பிடிச்சேன்னு எழுதுவீக."

தூபக்காலை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தன் பையை எடுத்தாள். முத்துக்குமரன் பழக்கதோஷத்தில் பின்வாசலைத் திறந்தான். தெரசா வாடிக்கைக்காரர்களுக்கு நடுவே நடந்து, முன்வாசல் கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். தினமும் "வாரேண்ணே" என்று சொல்லிக் கிளம்புகிறவள், அன்றைக்கு "போறேண்ணே" என்றாள்.